காருக்கு ஹெட்டர் மாட்டலாமா? பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

"அண்ணா, ஹெட்டர் மாட்டினா பிக்கப் ஏறுமா?" கார் மீது பிரியம் வைக்கத் தொடங்கிய தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "என்ன கார், எந்த வருஷ மாடல், பானெட்டைத் திறந்து எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்தியா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். எஞ்சின் புகையை வெளியே எடுத்துச்செல்லும் பளபளக்கும் நான்கு வளைகுழாய்கள், அதுதான் ஹெட்டர். அதைப் படத்தில் பார்த்து மயங்கியிருப்பார்கள். தங்கள் எஞ்சினில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

அந்த இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஹெட்டர் நல்ல பொருள்தான், சரியான எஞ்சினில் சரியாக அமைந்தால் வண்டியின் குணமே மாறும். ஆனால் இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் அது பொருந்துபவை கொஞ்சம்தான். உங்கள் கார் அந்தக் கொஞ்சத்தில் ஒன்றா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

ஹெட்டர் செய்யும் வேலை

எஞ்சின் ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் புகை வெளியேறும் துளை ஒன்று இருக்கும். அதை போர்ட் என்பார்கள். நான்கு போர்ட்டிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து ஒரே குழாயில் விடுவது மேனிஃபோல்டு. கம்பெனி போட்டுத் தரும் மேனிஃபோல்டு பல பழைய கார்களில் வார்ப்பிரும்புக் கட்டி. கனமானது, சத்தத்தை அடக்கும், வருஷக்கணக்கில் வெடிக்காது, செய்வதற்கும் மலிவு. அதன் குறை உள்ளே இருக்கிறது. கைகள் குட்டையாக இருப்பதால் ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் வாசலில் போய் முட்டும்.

நம் ஊர் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய எல்லாமே 1-3-4-2 என்ற வரிசையில் வெடிப்பவை. 1-ஆம் சிலிண்டர் கடைசிப் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, புதிய அழுத்தம் பீறிட்டு வரும். வழி குட்டையாக இருந்தால் அந்த அழுத்தம் 1-ஆம் சிலிண்டரின் வாயை அடைக்கும். கொஞ்சம் பழைய புகை உள்ளேயே தங்கிவிடும், அந்த அளவுக்குப் புதுக் காற்று உள்ளே வர இடம் குறையும்.

ஹெட்டரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி நீளக்குழாய். இவற்றை பிரைமரி என்பார்கள், அவை சேரும் இடம் கலெக்டர். 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினிலிருந்து விநாடிக்கு 100 புகைத் துடிப்புகள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு துடிப்பும் கலெக்டரை அடைந்து விரியும்போது, பின்னோக்கி ஓர் உறிஞ்சு அலை கிளம்பும். வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது போர்ட்டுக்கு வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போகும். ஹெட்டரின் பலன் முழுக்க இந்த நேரக்கணக்கில் இருக்கிறது. குழாய் நீளமாக இருந்தால் அலை தாமதமாகத் திரும்பும், எனவே குறைந்த ஆர்பிஎம்மில் பலன் தரும். குட்டையாக இருந்தால் உயர்ந்த ஆர்பிஎம்மில். எல்லா ஆர்பிஎம்மிலும் கூட்டித்தரும் ஹெட்டர் என்று ஒன்று இல்லை.

பட்டறைகளில் "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் இழுக்கும்" என்பார்கள். பேக் பிரஷர் என்றால் வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம். அவர்கள் கண்டது உண்மை, சொல்லும் காரணம்தான் தவறு. குழாயை மிகவும் அகலமாக்கினால் புகையின் வேகம் குறைந்து உறிஞ்சும் சக்தி போய்விடும். அதனால்தான் இழுவை குறைகிறது. எஞ்சினுக்கு வேண்டியது வேகமான புகை. அழுத்தத்தால் அதற்கு எந்த நன்மையும் இல்லை.

முதல் படி: உங்களுக்கு வேண்டியது சத்தமா, இழுவையா?

இதற்கு மனசாட்சிப்படி பதில் சொல்லுங்கள். சத்தம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஹெட்டர் தவறான பொருள். சத்தத்தின் தன்மையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பின்னால் இருக்கும் மஃப்ளர், அதாவது சைலன்சர். ஹெட்டர் மாட்டினால் பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகர ஒலி கூடும், ஏனென்றால் வார்ப்பிரும்பு அடக்கிவைத்திருந்ததை மெல்லிய குழாய் அடக்காது. சிலருக்கு அது பிடிக்கும். நீண்ட பயணத்தில் பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்குப் பிடிக்காது.

இழுவை வேண்டும் என்றால், எந்த இடத்தில் வேண்டும் என்று யோசியுங்கள். தினமும் டிராஃபிக்கில் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில் ஓட்டுபவருக்கும், மாதம் ஒருமுறை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரெட்லைன், அதாவது ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு, வரை ஓட்டுபவருக்கும் ஒரே ஹெட்டர் சரிவராது.

இரண்டாம் படி: பானெட்டைத் திறங்கள்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டார்ச் வைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் சில கார்களில் ரேடியேட்டர் பக்கம் இருக்கும், சிலவற்றில் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் பக்கம் மறைந்திருக்கும். மேலே ஒரு தகர வெப்பத்தடுப்பு மூடியிருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள், பாதி முடிவு இங்கேயே வந்துவிடும்.

உங்கள் கார் டர்போ என்றால், மேனிஃபோல்டின் மேல் டர்போ உட்கார்ந்திருக்கும். புகையின் சக்தி டர்போ சக்கரத்தைச் சுற்றுவதில் செலவாகிறது. மேலே சொன்ன அலைக் கணக்கு இங்கே அதே மாதிரி வேலை செய்யாது. அதனால் டர்போ காருக்கு ஹெட்டர் வேண்டாம், டீசல் காருக்கும் இதே பதில்தான். டர்போ பெட்ரோல் கார்களிலும், போலோ, குஷாக் போன்றவற்றின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின்களில் மேனிஃபோல்டே தனியாகக் கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் வார்ப்புக்குள்ளேயே அது இருக்கிறது, வெளியே வருவது ஒரே வாய். அங்கே ஹெட்டர் மாட்ட இடமே இல்லை. "டிஎஸ்ஐக்கு ஹெட்டர் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவர் மனதில் இருப்பது டர்போவுக்குப் பிறகு வரும் டவுன்பைப்பாக இருக்கலாம். அது வேறு பொருள், வேறு கணக்கு.

டர்போ இல்லை, ஆனால் மேனிஃபோல்டுக்குக் கீழேயே மிருதங்கம் போல் நடுவில் பெருத்த ஓர் உருளை ஒட்டியிருக்கிறது, அதன் மேலும் கீழும் ஆக்சிஜன் சென்சார் ஒயர்கள் தெரிகின்றன என்றால், அது கேட், அதாவது கேடலிட்டிக் கன்வெர்ட்டர். பிஎஸ்-4, பிஎஸ்-6 என்ற புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இந்த அமைப்புதான். காரணம் எளிது. உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வெப்பம் வந்தால்தான் வேலையைத் தொடங்கும். காலையில் வண்டியை எடுத்ததும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகவே அதை எஞ்சினை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் காரில் ஹெட்டர் மாட்டுவது என்றால் கேட்டைக் கழற்றி எறிவது என்று பொருள். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறும். பள்ளிவிடும் நேரத்தில் பள்ளி வாசலில் உங்கள் கார் நிற்கும்போது அதை முதலில் சுவாசிப்பவர்கள் குழந்தைகள். இந்த வகைக் காருக்கு ஹெட்டர் வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவதாக, குழாய்கள் ஏற்கெனவே நீளமாகவும் தனித்தனியாகவும் இருக்கலாம். மாஸ்டா தன் ஸ்கைஆக்டிவ்-ஜி எஞ்சின்களில் கம்பெனியிலேயே நீண்ட 4-2-1 மேனிஃபோல்டு வைத்தது (4-2-1 என்றால் என்ன என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்). உயர்ந்த கம்ப்ரஷனில் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்க, மிச்சச் சூட்டுப்புகையை வெளியே இழுக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட காரில் வெளியே செய்த ஹெட்டரை மாட்டினால் கிடைப்பதை விட இழப்பதே அதிகமாக இருக்கக்கூடும்.

கடைசி வகை: டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, அதிலிருந்து கீழே இறங்கும் குழாய், வண்டிக்கு அடியில் தள்ளித் தனியாக ஒரு கேட். மாருதி எஸ்டீம், 2000-களின் தொடக்கத்தில் வந்த 1.5 விடெக் ஹோண்டா சிட்டி, ஃபோர்டு ஐகான் 1.6 போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் இதற்குள் வரலாம், திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். ஹெட்டர் பற்றி மேற்கொண்டு யோசிக்க அர்த்தம் உள்ள கார் இதுதான். கேட் தன் இடத்திலேயே இருக்க, அதற்கு முன்னுள்ள பகுதியை மட்டும் மாற்றலாம்.

மூன்றாம் படி: சட்டமும் காகிதமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை, ஒலி அளவை மீறினால் 190(2) பிரிவு, அதில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு முடங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், புகை அளவு கெடாத உதிரிபாகத்துக்கு அம்மாநிலக் காற்று வாரியம் ஓர் அனுமதி எண் கொடுக்கிறது. நம் ஊரில் விற்கும் ஹெட்டர்களில் அப்படி எதுவும் இல்லை. எனவே "இது லீகல்" என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால், பின்னால் கிளைம் கேட்கும்போது மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். வாரண்டியில் இருக்கும் காரில் இதைத் தொடவே வேண்டாம்.

பிஎஸ்-4 பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் ஐடிலிங் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். கேட் இல்லாமல் இந்த அளவுக்குள் நிற்பது கடினம்.

நான்காம் படி: இப்போது இருப்பதை அளந்து வையுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேறு மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டாக் எஞ்சினில் ஹெட்டர் மட்டும் மாட்டினால் கிடைப்பது பெரும்பாலும் சில குதிரைத்திறன்தான். 85 பிஎச்பி எஸ்டீமில் மூன்று, நான்கு கூடினாலே நல்ல ஹெட்டர் என்பேன். புதுச் சத்தம் கேட்டதும் வண்டி வேகமானதுபோல் காதும் மனமும் சேர்ந்து சொல்லும். அந்த மயக்கத்திலிருந்து காப்பது எண் மட்டுமே.

கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. முடிந்தால் அங்கே ஒரு ஓட்டம் பார்த்து, தாளை வாங்கி வையுங்கள். முடியாவிட்டால், எஞ்சின் விவரங்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் உள்ள காருக்கு மொபைலில் படிக்கும் ஒரு சிறு கருவி போதும். ஆளில்லாத, மேடுபள்ளமில்லாத சாலையில், மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து வேக வரம்புக்குள் எட்டக்கூடிய ஓர் ஆர்பிஎம் வரை எத்தனை விநாடி என்று குறியுங்கள். போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை. அதே பெட்ரோல் பங்க், அதே டயர் காற்று, ஏசி அணைத்து. வேறு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து குறிக்கட்டும், ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும்.

அளக்கும் நாளிலேயே ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கம்ப்ரஷன் ஆகியவற்றையும் சரிபாருங்கள். ஹெட்டர் தேடி வந்த ஒரு தம்பியின் பழைய காரில் 3-ஆம் சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்ற மூன்றையும் விட மிகக் குறைவாக இருந்தது. வால்வு சரியாக உட்காரவில்லை. ஹெட்டருக்கு வைத்திருந்த பணத்தில் ஹெட் வேலை பார்த்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படி இழுத்ததே இல்லை என்றார்.

ஐந்தாம் படி: 4-1 வேண்டுமா, 4-2-1 வேண்டுமா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்தது இங்கேதான்.

4-1 என்றால் நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும். உயர்ந்த ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும், ரேஸ் காருக்கு உகந்தது. 4-2-1 என்றால் முதலில் 1-ஆம் குழாயும் 4-ஆம் குழாயும் ஒன்றாகும், 2-ம் 3-ம் ஒன்றாகும், பிறகு அந்த இரண்டும் சேரும். வெடிப்பு வரிசையில் 1-ம் 4-ம் எதிரெதிர் நேரத்தில் வருபவை, அதனால் ஒன்றின் புகை மற்றதை முட்டாது. நடு ஆர்பிஎம்மில் பலன் கிடைக்கும். சாலையில் ஓடும் காருக்கு ஏறக்குறைய எப்போதும் 4-2-1 தான் சரி.

என் எஸ்டீமுக்கு முதலில் 4-1 மாட்டினேன். செய்துகொடுத்தவர் ரேஸ் கார்களுக்குச் செய்து பழகியவர், குழாய் விட்டத்தையும் பெரிதாக வைத்தார். பொள்ளாச்சி சாலையில் கொடுத்த பணத்துக்கு மேலாகச் சந்தோஷம். 5,000-க்கு மேல் ஊசி துள்ளிக்கொண்டு போனது. அடுத்த வாரம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவிலோ பத்தாவது வளைவிலோ, மேலிருந்து பஸ் இறங்கி வர, ஒதுங்கி நின்று, இரண்டாவது கியரில் திரும்பவும் ஏற்றினேன். முன்பெல்லாம் 1,800-இலிருந்து முனகாமல் ஏறிய வண்டி, ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வெறும் சத்தம் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றது. முதல் கியருக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. மேலே போய்ச் சேரும் வரை ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. பின்சீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். அந்த இறக்கத்திலேயே முடிவெடுத்தேன். பிறகு சிறிய விட்டத்தில் 4-2-1 செய்து மாட்டினேன். 2,500-இலிருந்து 4,500 வரை இழுவை திரும்ப வந்தது. உச்சியில் 4-1 கொடுத்த துள்ளல் கொஞ்சம் போனது, அதற்காக நான் வருத்தப்படவில்லை.

விட்டத்துக்கு ஒரு தோராய அளவு: 1.3 முதல் 1.6 லிட்டர் வரை உள்ள சாலைக் காருக்கு பிரைமரிக் குழாய் 38 முதல் 42 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சந்தேகம் என்றால் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

கடையிலோ பட்டறையிலோ ஹெட்டரைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாஞ்ச், அதாவது ஹெட்டில் உட்காரும் தட்டை. அதன் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் ஒளிக்கீற்று தெரிந்தால் வெல்டிங் சூட்டில் தட்டை வளைந்திருக்கிறது. லேத்திலோ மில்லிங்கிலோ சமப்படுத்தாமல் அதை வாங்காதீர்கள், எத்தனை பேக்கிங் வைத்தாலும் புகை கசியும். தட்டையின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 10 இருந்தால் நல்லது.

பிறகு விரலை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு, குழாயும் தட்டையும் சேரும் விளிம்பைத் தடவுங்கள். வெல்டிங் உருண்டு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் புகை முட்டும் இடம் அதுதான். ஆர்கான் வெல்டிங் செய்து உள்ளே தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்க வேண்டும். உங்கள் காரின் புது பேக்கிங்கைத் தட்டையின் மேல் வைத்துத் துளைகள் ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள்.

உலோகம் பற்றி ஒரு கணக்கு. 304 ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, பார்க்கவும் அழகு. ஆனால் சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி சூடேறினால் 304 ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், சாதா இரும்பு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான் நீளும். நான்கு குழாய்களும் வேறு வேறு நீளத்தில் ஒரே தட்டையில் கட்டப்பட்டிருக்கும்போது, இந்த நீட்சி எங்காவது ஒரு வெல்டிங்கை இழுத்துப் பிளக்கும். அதனால் மெல்லிய 304-ஐ விட, 1.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள குழாயும், கீழே நெளியும் ஃபிளெக்ஸ் பைப்பும் உள்ளதை எடுங்கள். எஞ்சின் மவுண்டில் ஆடும்போதும் அந்த நெளிகுழாய்தான் ஹெட்டரைக் காப்பாற்றும். கம்பெனிகள் சைலன்சருக்குப் பயன்படுத்தும் 409 ஸ்டெயின்லெஸ் இவ்வளவு நீளாது, கிடைத்தால் நல்ல தேர்வு. மேலே லேசாகப் பழுப்புத் துரு படியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வெப்பத்துணி சுற்றுவது பலருக்குப் பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சாதா இரும்புக் குழாயில் அதைச் சுற்றாதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்து அடியில் குழாயை அரித்துவிடும். துணியைப் பிரிக்கும் நாளில்தான் ஓட்டை தெரியும்.

ஆக்சிஜன் சென்சார் மாட்டும் மரை இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்சார் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும், கடிகாரத்தில் 10-க்கும் 2-க்கும் இடைப்பட்ட திசையில். கீழ்நோக்கி வைத்தால் காலையில் படியும் நீர்த்துளி அதன் மேல் தேங்கிக் கெடுத்துவிடும். கலெக்டருக்கு ரொம்பத் தள்ளி வைத்தால் போதிய சூடு கிடைக்காது.

ஏழாம் படி: மாட்டும் நாள்

முந்தின நாள் இரவே ஒவ்வொரு மேனிஃபோல்டு நட்டுக்கும் துருநீக்கி எண்ணெய் விட்டுவையுங்கள், காலையில் இன்னொரு முறை. நட்டு உட்கார்ந்திருப்பது ஹெட்டில் பதிந்த மரைக்கம்பியில், அதை ஸ்டட் என்பார்கள். இருபது வருஷம் சூட்டில் வெந்த ஸ்டட் இது. அவசரப்பட்டு நீளக் கம்பி மாட்டி முறுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், ஸ்பானர் திடீரென்று லேசாகிவிடும். ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது என்று அர்த்தம். அலுமினிய ஹெட்டிலிருந்து அதைத் துளைத்தெடுக்க ஒரு நாள் போகும், சில சமயம் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். நட்டு அசைய மறுத்தால் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம், மீண்டும் எண்ணெய், இப்படி முன்னும் பின்னுமாக மெதுவாகக் கொண்டுவாருங்கள். பழைய ஸ்டட்களைத் திரும்பப் போடாதீர்கள். புது ஸ்டட், புது நட்டு, புது பேக்கிங்.

இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளியே போங்கள், இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 வரைதான், கை பலத்துக்கு ஏற்ப இறுக்குவதில்லை. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய வெப்பத்தடுப்புத் தகடு பொருந்தவில்லை என்றால் புதிதாக வெட்டி வளைத்துப் போடச் சொல்லுங்கள். ஒயர், பிரேக் பைப், ரேடியேட்டர் ஹோஸ், ஸ்டார்ட்டர் மோட்டார் எதுவும் குழாயை ஒட்டி இருக்கக் கூடாது. ஹெட்டருக்கு அருகில் உருகிய ஒரு ஒயர் போதும், கார் எரிவதற்கு.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எண்ணெயும் பூச்சும் கருகி லேசாகப் புகை வரும். சில நிமிடங்களில் நிற்க வேண்டும். நன்றாகச் சூடாகி, முழுக்கக் குளிர்ந்த பிறகு எல்லா நட்டையும் மீண்டும் ஒருமுறை அதே அளவுக்குச் சரிபாருங்கள், 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

எட்டாம் படி: ஒரு மாதம் காது கொடுங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுக்கும்போது 'டிக் டிக் டிக்' என்று டேப்பெட் போல ஒரு சத்தம், சூடானதும் மறைந்துவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் ஃபிளாஞ்ச் கசிவு. உலோகம் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது. தட்டையின் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். இதைச் சத்தம்தானே என்று விடாதீர்கள். புகைத் துடிப்புகளுக்கு இடையில் அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும்.

ஓபிடி கருவியில் லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஈசியூ பெட்ரோல் அளவை எத்தனை சதவீதம் திருத்துகிறது என்பதைச் சொல்வது அது. ஹெட்டருக்கு முன் இருந்ததிலிருந்து சில சதவீதம் நகர்ந்தால் பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் எங்கோ கசிவு. பி0420 என்ற பிழைக் குறியீடு வந்தால் கேட் சரியாக வேலை செய்யவில்லை என்று கார் சொல்கிறது. சென்சாரை ஏமாற்ற ஓர் இடைத்துண்டை மாட்டிவிடுகிறேன் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். விளக்கு அணையும், புகை அப்படியேதான் போகும்.

எஸ்டீம், பழைய சிட்டி போன்ற கார்கள் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று உள்ளே வரும் பக்கத்தில் மேப் சென்சார் அளக்கும் அழுத்தத்தை வைத்து ஊகிக்கின்றன. ஹெட்டரால் காற்று கூடினாலும் அதே அழுத்தத்தில் அதே பழைய பெட்ரோல் அளவையே கொடுக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் திருத்திவிடும். முழு ஆக்ஸிலேட்டரில் அந்தத் திருத்தம் நடக்காது, கலவை மெலிந்து சூடு கூடலாம். அதனால் காற்று-பெட்ரோல் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி ஒருமுறை அளந்துவிடுங்கள். ட்யூனிங் தேவைப்பட்டால் அதுவும் ஹெட்டரின் செலவுதான். பேக்கிங், ஸ்டட், சென்சார், ஃபிளெக்ஸ் பைப், டைனோ, கூலி என்று எனக்கு ஹெட்டரின் விலையைப் போல இன்னொரு மடங்கு ஆனது. கையில் அவ்வளவு இல்லை என்றால் பொறுத்திருங்கள், பாதி வேலையாக மாட்டாதீர்கள்.

பிறகு நான்காம் படியில் குறித்த அதே சாலைக்கு, அதே காற்றழுத்தத்தோடு போய், அதே மூன்றாவது கியரில் மீண்டும் அளந்து பாருங்கள். விநாடி குறையவில்லை என்றால், அல்லது நீங்கள் தினமும் ஓட்டும் இடத்தில் கூடிவிட்டது என்றால், பழைய மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டுங்கள். அதற்காக அது இருக்க வேண்டும். கழற்றிய அன்றே கடைக்காரர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார், கொடுக்காதீர்கள். ஹெட்டில் உட்காரும் அதன் முகப்பில் எண்ணெய் தடவி, வெப்பத்தடுப்புத் தகடோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, தேதி எழுதிப் பரண் மேல் வையுங்கள். என் எஸ்டீமின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வண்டியை விற்கும் நாள் வந்தால், அதை மாட்டித்தான் கொடுப்பேன்.